வேணும்னேதான் சொன்னேன்

பத்தாம் வகுப்பு ஆ பிரிவில் முப்பத்து நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். முப்பத்து நான்கு பேரும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். வராந்தாவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "ஆகா, என்ன ஒழுக்கம்!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சண்முகவடிவு டீச்சருக்கோ அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. பதினெட்டு வருடமாக அறிவியல் நடத்துகிறவர் அவர். சத்தமில்லாத வகுப்பில் பாடம் நடக்காது, தூக்கம்தான் நடக்கும் என்பது அவருடைய கட்சி.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

யாரும் மூச்சுக் காட்டவில்லை. இரண்டாவது பெஞ்சில் உலகம்மாள் மட்டும் வாயைத் திறந்தாள், பிறகு ஏதோ நினைவு வந்தவளாக இறுக மூடிக்கொண்டாள். அவள் கை காதுக்குப் பின்னால் போய் வந்தது. அங்கே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கருவி ஒட்டியிருந்தது. பெயர் ஊற்றுமானி. சந்தேகங்களையெல்லாம் விழுங்கியது அதுதான்.

அது வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாங்களாகவே யோசித்து அறிவியல் செயல்திட்டம் செய்ய வேண்டும் என்று கல்வித்துறை என்றைக்கு உத்தரவு போட்டதோ, அன்றைக்கே தமிழ்நாட்டு அப்பாக்கள் எல்லோரும் விஞ்ஞானிகள் ஆகிவிட்டார்கள். தெர்மாகோல் வெட்டினார்கள், மோட்டார் மாட்டினார்கள். அப்பாவுக்கு நேரமில்லாத வீடுகளுக்கு ஃபேன்சி ஸ்டோர் இருந்தது; அங்கே எரிமலை ரெடிமேடாகக் கிடைத்தது. ஒரு வருடம் மாவட்டக் கண்காட்சியில் ஒரே எரிமலை பதினாறு மேசையில் கக்கியது. அப்புறம் கம்ப்யூட்டரே யோசித்துக் கொடுக்க ஆரம்பித்தது. எது பிள்ளையின் யோசனை, எது இரவல் என்று தலையைப் பிய்த்துக்கொண்ட துறை, கடைசியில் ஒரு கம்பெனியைப் பிடித்து ஊற்றுமானியைச் செய்ய வைத்தது.

ஜூன் மாதம் அதை மாட்ட வந்த பையன் பெற்றோர் கூட்டத்தில் விளக்கம் சொன்னான்.

"ஒரு யோசனை காது வழியாவோ கண் வழியாவோ வந்து உள்ள உக்காந்துச்சுன்னா மஞ்ச லைட் எரியும். தலைக்குள்ளயே புதுசா ஊறுச்சுன்னா பச்ச லைட். நூத்துக்கு அறுபது பச்ச இருந்தா பாஸ்."

பஸ் ஸ்டாண்டில் மல்லிகைப்பூ விற்கிற உலகம்மாளின் அம்மா எழுந்தாள். "தம்பி, நான் இவளுக்குப் பூக்கட்டச் சொல்லிக் குடுத்தேன். அது?"

"மஞ்சம்மா."

"சோறு பொங்கச் சொல்லிக் குடுத்தேன்."

"அதுவும் மஞ்சதான்."

"பேசவே நான்தானப்பா சொல்லிக் குடுத்தேன்?"

பையன் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தான். "அதைக் கணக்குல சேக்கலம்மா" என்றான் பெருந்தன்மையாக.

அன்றோடு ஊர் ஊமையானது. பிள்ளையிடம் ஏதாவது சொல்லி, அது உள்ளே போய் மஞ்சளாகிவிட்டால் என்ன செய்வது என்று வீடுகளில் பேச்சு நின்றுபோனது. மதிய உணவு நேரத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தடியில் தட்டோடு தனியாக உட்கார்ந்தார்கள். சந்தேகம் கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் பச்சை விகிதம் குறையும். ஆகவே சந்தேகமே வேண்டாம். ஒவ்வொருவரும் தன் செயல்திட்டத்தை முட்டையை அடைகாக்கிற கோழி மாதிரி அடைகாத்தார்கள். நவம்பர் வந்தும் ஒன்றிலிருந்தும் குஞ்சு வெளியே வரவில்லை.

இதில் வடிவு டீச்சருக்கு வந்த வினையைக் கேட்க வேண்டுமே! அவர் நன்றாகச் சொல்லிக் கொடுப்பவர். சொல்லச் சொல்ல மஞ்சள் எரிந்தது. அவருடைய வகுப்பின் ஊற்று விகிதம் முப்பத்தொன்று, மாவட்டத்திலேயே கடைசி. முதலிடத்தில் இருந்தவர் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர், விகிதம் எழுபத்தொன்று. அவர் பாட நேரத்தில் தூங்குவார் என்று கேள்வி.

தலைமையாசிரியர் தேவசகாயம் கூப்பிட்டு விட்டார். நல்ல மனுஷர். கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் மேசைமேல் இருக்கிற உலக உருண்டையைச் சுற்றிக்கொண்டே சொல்லுவார். அன்றைக்கு அது வேகமாகச் சுற்றியது.

"டீச்சர், ஜனவரிக் கண்காட்சிக்குள்ள அறுபது வரலன்னா உங்களைப் பாடநூல் கிடங்குக்கு மாத்தப் போறாங்களாம். ஓலை வந்திருக்கு."

"கிடங்குல நான் என்ன சார் செய்ய?"

"புத்தகக் கட்டை அடுக்கணும். எலிப்பொறி வைக்கணும். அங்க நீங்க எவ்ளோ வேணும்னாலும் பேசலாம், எலிக்கு விகிதம் பாக்க மாட்டாங்க." உருண்டையை நிறுத்தினார். "ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்களேன் டீச்சர்."

வடிவு டீச்சர் எழுந்து வகுப்புக்கு நடந்தார். வகுப்பறை இல்லாத ஒரு நாளை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையையே அவர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கழிப்பார்.

வாயை மூடிப் பார்த்தார். மூன்று நாள் தாங்கியது. நான்காம் நாள் உலகம்மாள் கெடுத்தாள்.

அவளுடைய செயல்திட்டம் ஒரு பூப்பெட்டி. காலையில் கட்டிய சரம் மதியத்துக்குள் வாடிவிடுகிறது. கரண்ட் இல்லாமல் பஸ் ஸ்டாண்டு வெயிலில் பூவைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். அதற்காக ஒரு மண்பானையைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு மூன்று வாரமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவும் மாட்டாள், விடவும் மாட்டாள். அன்றைக்குப் பானையைக் கட்டிக்கொண்டு கண் கலங்க உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. கிடங்காவது எலியாவது என்று சாக்பீசை எடுத்தார்.

"பானையில தண்ணி ஏன் குளிருது? மண்ணுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கு. அது வழியா தண்ணி கசிஞ்சு ஆவியாகுது. ஆவியாகும்போது உள்ள இருக்கிற சூட்டையும் எடுத்துட்டுப் போயிருது. அதனாலதான் காத்துல ஈரம் கூடக் கூட, தண்ணி நல்லாக் குளிருது."

ஆனைக்கும் அடி சறுக்கும். மூன்று நாள் அடக்கி வைத்த பேச்சு ஒரே மூச்சில் வந்ததில், கடைசி வாக்கியம் தலைகீழாக வந்து விழுந்தது. டீச்சர் அதைக் கவனிக்கவே இல்லை. கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டார்.

வகுப்பில் முப்பத்து நான்கு மஞ்சள் விளக்கு எரிந்தது. பிள்ளைகளின் முகம் வாடியது. உலகம்மாள் பலகையைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், மறுபடி பலகையைப் பார்த்தாள்.

"டீச்சர்..."

ஐந்து மாதத்தில் அந்த வகுப்பில் ஒரு பிள்ளை தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"எங்க வீட்டுல மழை பேயுற நேரம் பானைத் தண்ணி சும்மா கெடக்கும் டீச்சர், குளிராது. ஆடி மாசம் மேல்காத்து காஞ்சுபோய் அடிக்கும்லா, அப்பதான் பல்லுக் கூசும். ஈரம் கூடுனா எப்படிக் குளிரும்? காத்துல ஏற்கெனவே தண்ணி நெறைஞ்சு கெடக்கு. பானைத் தண்ணி போய் ஏற எடம் எங்க இருக்கு?"

சொல்லச் சொல்ல அவள் காதுக்குப் பின்னால் பச்சை எரிந்தது. மினுக் மினுக்கென்று இல்லை. வேப்பங்கொழுந்து நிறத்தில் நின்று எரிந்தது. வகுப்பே திரும்பிப் பார்த்தது.

வடிவு டீச்சருக்குக் காது மடல் வரை சூடேறியது. பதினெட்டு வருட அனுபவம், எட்டாம் வகுப்புப் பாடத்தில் தப்பு! அந்த நிலைமையில் ஆசிரியர்கள் எல்லோரும் என்ன செய்வார்களோ, அவருடைய வாத்தியார்களும் அந்த வாத்தியார்களின் வாத்தியார்களும் என்ன செய்தார்களோ, அதையே அவரும் செய்தார். சாக்பீசைக் கீழே வைத்துக் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"வேணும்னேதான் சொன்னேன். யாரெல்லாம் கவனிக்கிறீங்கன்னு பாத்தேன்."

சாயங்காலம் தலைமையாசிரியர் ஓடி வந்தார். "டீச்சர், உங்க வகுப்பு விகிதம் ஒரே நாள்ல நாலு கூடியிருக்கு! என்ன பண்ணுனீங்க?"

"தப்புப் பண்ணிட்டேன் சார்" என்றார் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு. நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

தேவசகாயம் உலக உருண்டையின் மேல் கை வைத்தார், ஆனால் சுற்றவில்லை.

"நாளைக்கும் பண்ணுங்க."

தப்பாகப் பாடம் நடத்துவது எளிது என்று நினைக்கிறவர்கள் நடத்திப் பார்க்க வேண்டும். மறுநாள் டீச்சர் "சூரியன் மேற்கே உதிக்கும்" என்றார். பிள்ளைகள் அவருக்குக் காய்ச்சலோ என்று பார்த்தார்கள், ஒரு விளக்கும் எரியவில்லை. அதற்கு அடுத்த நாள் நுணுக்கமாக ஒரு தப்பைச் சொன்னார். முப்பத்து நான்கு பேரும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள், எல்லாம் மஞ்சள். அதை அழித்து ஒப்புக்கொள்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நல்ல தப்பு என்பது நல்ல புளியோதரை மாதிரி, பக்குவம் வேண்டும். பார்த்தால் சரி போல இருக்க வேண்டும், தொட்டுப் பார்த்தால் ஆட வேண்டும். டீச்சர் ஒரு நோட்டுப் போட்டார். இடப்பக்கம் சரியான பாடம், வலப்பக்கம் அன்றைய தப்பு. பதினெட்டு வருடத்தில் அவர் அவ்வளவு கஷ்டப்பட்டுப் பாடம் தயாரித்ததில்லை.

வகுப்புக்கு உயிர் வந்தது. "அது எப்படி டீச்சர்?" என்றது ஒரு குரல். "இருக்காது டீச்சர்!" என்றது இன்னொன்று. விகிதம் நாற்பத்திரண்டு ஆனது, ஐம்பதைத் தாண்டியது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகருமாமே, நகர்ந்தது.

அதைவிட வேடிக்கை, தப்பு வகுப்புக்கு வெளியேயும் பரவியது. மரியசெல்வின் என்று ஒரு பையன், எலுமிச்சம்பழ பேட்டரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் உலகம்மாளின் பானையை வந்து பார்த்தான். "ஏட்டி, இதுக்குப் போய் மண்ணுல எதுக்கு? பிளாஸ்டிக் வாளி வையி. லேசா இருக்கும், ஒடையாது" என்றான் முகத்தைச் சுளித்துக்கொண்டு. உலகம்மாளுக்குக் கோபம் வந்தது. பிளாஸ்டிக் ஏன் ஆகாது என்று அவனுக்குப் புரிய வைக்கப் போய், அப்படியானால் பானை ஒன்று எதற்கு, வெந்த மண் குழாய்களை வரிசையாக அடுக்கினால் கசிகிற இடம் கூடுமே என்று அவளுக்கே தோன்றிவிட்டது. பச்சை எரிந்தது. செல்வின் ஒன்றும் தெரியாதவன் போலத் தன் எலுமிச்சம்பழத்துக்குத் திரும்பிப் போனான். மரத்தடியில் தட்டுகள் மறுபடி வட்டமாக உட்கார்ந்தன. வட்டத்தில் ஒருவர்கூட உண்மை பேசவில்லை.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளை. டீச்சர் நோட்டின் வலப்பக்கத்தில் இருந்ததைச் சொன்னார்: "அடர் அமிலத்தை நீர்க்கச் செய்யணும்னா, அமிலத்தை ஒரு குடுவையில எடுத்து, அது மேல கொஞ்சம் கொஞ்சமா தண்ணிய ஊத்தணும்."

உண்மை அதற்கு நேர்மாறு. தண்ணீரில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறித்து முகத்தைப் பதம் பார்த்துவிடும். யாராவது பிடிப்பார்கள் என்று டீச்சர் காத்திருந்தார். யாரும் பிடிக்கவில்லை. மணி அடித்தது. தலைமையாசிரியர் ஒரு தாளில் கையெழுத்துக்கு அழைத்தார். டீச்சர் போய்க் கையெழுத்துப் போட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

மூன்றாவது நிறுத்தத்தில்தான் உறைத்தது. சனிக்கிழமை காலையில் ஆய்வகத்தில் பேட்டரி வேலை பார்க்க மரியசெல்வின் சாவி கேட்டு வாங்கியிருந்தான். எலுமிச்சைக்குப் பதிலாக அமிலம் ஊற்றிப் பார்க்கப் போகிறானாம்.

டீச்சர் ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்று கத்தினார். இறங்கி, செருப்பு அறுந்தது தெரியாமல் நடந்தார், கடைசித் தெருவில் ஓடினார். ஆறு மாதமாக விகிதம் விகிதம் என்று இருந்தோமே, ஒரு பிள்ளையின் கண் போனால் அறுபது என்ன நூறு என்ன என்று மனசு அடித்துக்கொண்டது. தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக வந்தது.

செல்வின் வீட்டு வாசலில் அவனுடைய அப்பா ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எலெக்ட்ரீசியன். ஒரு காலத்தில் அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் செயல்திட்டம் செய்து கொடுத்தவர். டீச்சரைக் கண்டதும் எழுந்து, சத்தம் வராமல் கையால் உள்ளே காட்டினார்.

"ஏன் பேசாம சைகை காட்டுதீங்க?" என்றார் டீச்சர் மூச்சு வாங்க.

"அவன் உள்ள படிக்கான் டீச்சர். நான் பேசுறது காதுல விழுந்து மஞ்சளாயிரக் கூடாதுல்லா." கையிலிருந்த திருப்புளியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சாப்டியான்னு கேக்கதோட சரி. பையன்கிட்டப் பேசி ஆறு மாசமாச்சு."

டீச்சர் அறுந்த செருப்பை வாசலில் உதறினார். உள்ளே போனார். செல்வின் எழுந்து நின்றான்.

"செல்வின், இன்னைக்கு அமிலத்தைப் பத்திச் சொன்னது தப்பு. தண்ணியிலதான் அமிலத்தை விடணும். உனக்கு மஞ்ச எரிஞ்சாலும் பரவாயில்ல. நல்லாக் கேட்டுக்கோ, தண்ணியிலதான் அமிலம்."

மஞ்சள் எரியவில்லை. செல்வின் சிரித்தான். "எனக்கு அப்பவே தெரியும் டீச்சர். ஒம்பதாப்புலயே படிச்சாச்சு. நெறையப் பேருக்குத் தெரியும்."

"பின்ன ஏன்டா ஒருத்தரும் வாயத் தெறக்கல?"

"இன்னைக்குப் பொன்மாரி முறை."

"முறையா?"

செல்வின் நெளிந்தான். "தெருக்குழாயில கொடம் வச்சு முறை போடுவாங்கள்லா டீச்சர், அது மாதிரி. நீங்க சொல்ற தப்பை முந்திப் பிடிக்கிற ஆளுகளே தெனமும் பிடிச்சா, மத்தவங்களுக்கு யோசிக்க நேரமே இல்ல. அதனால ஒரு நாளைக்கு ஒருத்தர். தெரிஞ்சவங்க வாய மூடிக்கிடணும். பொன்மாரிக்குக் கொஞ்சம் நேரமாகும், அதனால அவளுக்கு மட்டும் ரெண்டு பீரியடு. இன்னைக்கு அவ யோசிச்சுக்கிட்டேதான் இருந்தா, மணி அடிச்சிட்டு. போகும்போது வாசல்ல வச்சு எல்லாருக்கும் சரியானதைச் சொல்லிட்டோம். முறை முடிஞ்சதும் சொல்லிரணும்னு சட்டம் இருக்கு."

டீச்சர் அங்கே கிடந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "அப்ப நான் வேணும்னே தப்புச் சொல்லுதேன்னு எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும் டீச்சர்." கொஞ்சம் தயங்கினான். "அந்த முதத் தப்பு மட்டும் வேணும்னே சொல்லலன்னும் தெரியும். உங்க காது செவந்து போச்சுல்லா. பாவம்னு விட்டுட்டோம்."

டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வெளியே வந்தவர் எலெக்ட்ரீசியனிடம், "நீங்க உங்க பையன்கிட்டப் பேசுங்க. சரியாச் சொல்ல பயமா இருந்தா தப்பாவாவது சொல்லுங்க" என்றார். தெருமுனை திரும்பும்போது பின்னால் குரல் கேட்டது. "ஏலே செல்வின், இந்த ஃபேன் ஓட காயில் கம்பியே தேவையில்லைலே!" உடனே உள்ளேயிருந்து, "யாரு சொன்னா?" என்று பையன் பாய்ந்து வந்த சத்தமும் கேட்டது.

ஜனவரியில் வகுப்பு விகிதம் எழுபத்தெட்டு. தூங்குகிற ஆசிரியர் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டார். சென்னையிலிருந்து ஆய்வு அலுவலர் வந்து இறங்கினார். பெயர் கார்குழலி, முப்பத்தைந்து வயது இருக்கும், மடிப்புக் கலையாத பருத்திச் சேலை, கையில் ஒரு பலகைக் கணினி.

பூப்பெட்டியைப் பார்த்தார். மண் குழாய் அடுக்கு, நடுவே ஈரத் துணி, காற்று வாங்க ஒரு பக்கம் திறப்பு. உள்ளே காலையில் வைத்த மல்லிகை மதியத்திலும் மொட்டாகவே இருந்தது. அலுவலர் ஒரு சரத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்ப வைக்க மறந்துபோய்க் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு நோட்டின் வலப்பக்கங்களைப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது.

"பிரமாதம் டீச்சர்! இதை மாநிலம் முழுக்கக் கொண்டு போகலாம். பாடத்துக்குப் பத்து வீதம் அங்கீகரிக்கப்பட்ட தவறுகள். அச்சடிச்சு எல்லாப் பள்ளிக்கும் அனுப்பிடலாம். தவறுகளில் தவறு வராம பார்க்க ஒரு குழு போடணும். உங்களுக்குப் புதுமை ஆசிரியர் விருது." கணினியைத் திறந்தார். "ஒரே ஒரு சம்பிரதாயம். இந்த முறை உங்க சொந்த யோசனைன்னு ஊற்றுமானி சொல்லணும். அறுபது வேணும். குறைஞ்சா அடுத்தவங்க யோசனையை எடுத்துக்கிட்டதா ஆயிடும். அதுக்கு விதி வேற. தெரியுமில்லையா?"

"கிடங்கு" என்றார் தேவசகாயம் மெதுவாக.

வடிவு டீச்சரின் காதுக்குப் பின்னால் ஒரு கருவியை ஒட்டினார்கள். பிள்ளைகள் முன்னால்தான் நடந்தது. டீச்சர் உள்ளதை உள்ளபடி சொன்னார். தப்புச் சொன்னால் பிள்ளை யோசிக்கும் என்று சொல்லும்போது மஞ்சள். தினமும் சொல்ல வேண்டும் என்பதற்கு மஞ்சள். முறை வைப்பதற்கு மஞ்சள். இடப்பக்கம் வலப்பக்கம் நோட்டுப் போட்டதற்கு மட்டும் கொஞ்சம் பச்சை. மொத்தம் ஒன்பது சதவீதம்.

அலுவலரின் முகம் சுருங்கியது. "அப்ப இது யாரோட யோசனை?"

தலைமையாசிரியருக்கு ஒட்டிப் பார்த்தார்கள். "டீச்சர் சொன்னதைக் கேட்டுத்தான் 'நாளைக்கும் பண்ணுங்க'ன்னேன்" என்றார். மஞ்சள். உலகம்மாளைக் கேட்டார்கள். "டீச்சர் தப்பாச் சொன்னாங்க, அதான் எனக்குத் தோணுச்சு." தப்புச் சொல்லிக் கற்பிப்பது உன் யோசனையா என்றதற்கு மஞ்சள். செல்வினுக்குத் தெருக்குழாயைப் பார்த்துத் தோன்றியது, அதுவும் மஞ்சள். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். முப்பத்தாறு தலையைத் துழாவியும் அந்த யோசனைக்குச் சொந்தக்காரர் அகப்படவில்லை.

கார்குழலி கணினியை மூடினார். "இப்படி ஒரு கேஸை நான் பார்த்ததே இல்லை. ஒரு யோசனைன்னா அது யாராவது ஒருத்தர் தலையிலிருந்துதான் வந்தாகணும். மன்னிச்சுக்குங்க டீச்சர், விதின்னு ஒண்ணு இருக்கு."

வடிவு டீச்சர் மேசைமேல் இருந்த சாக்பீஸ் பெட்டியை எடுத்து, எதற்கென்று தெரியாமல் மூடி வைத்தார். ஏதாவது சொல்லுங்களேன் என்பது போலத் தலைமையாசிரியரைப் பார்த்தார். அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளோ யாரும் டீச்சரைப் பார்க்கவில்லை. முப்பத்து மூன்று பேரும் வாயை இறுக மூடிக்கொண்டு கடைசி பெஞ்சைப் பார்த்தார்கள். அங்கே பொன்மாரி உட்கார்ந்திருந்தாள். கிணறு வெட்டுகிற ஒருவரின் மகள். பேசுவதற்கு முன் உதட்டைக் கடித்துக்கொண்டே இருப்பாள். அன்றைக்கு அவள் முறை.

ஒரு நிமிடம் போனது. இன்னொரு நிமிடமும் போனது. அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு பிள்ளையும் அவளுக்கு எடுத்துக் கொடுக்கவில்லை.

பொன்மாரி எழுந்தாள். "அது... அது தப்பு மேடம்."

"எதும்மா?"

"ஒரே எடத்துல இருந்து வரணும்னு சொன்னீங்கள்லா. எங்கப்பா கெணறு வெட்டுவாவ. நானும் உள்ள எறங்கிப் பாத்திருக்கேன். நாலு பக்கமும் பாறை லேசா கசியும், அவ்ளோதான். எந்தப் பக்கத்தை மட்டும் பாத்தாலும், ஒரு செம்பு கூட நெறையாது. ஆனா காலையில போய்ப் பாத்தா இடுப்பு மட்டுக்குத் தண்ணி நிக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்தத் தண்ணி எந்தப் பாறையோடதுன்னு கேட்டா, எப்படி மேடம் சொல்றது?"

ஏழு மாதமாக மஞ்சளைத் தவிர எதையும் அறியாத அவள் காதுக்குப் பின்னால் பச்சை எரிந்தது. வகுப்பு ஹோவென்று கத்தியது. அடுத்த வகுப்பிலிருந்து கணக்கு வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கார்குழலி வெகுநேரம் அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணினியைத் திரும்பத் திறந்தார். படிவத்தில் யோசனைக்குரியவர் பெயர் என்ற கட்டம் இருந்தது. ஒரு பெயருக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. அவர் 'பத்தாம்வகுப்பு ஆபிரிவு' என்று ஒரே பெயராக அடித்தார். வயது: பதினைந்து. தந்தை பெயர் என்று கேட்டது. அலுவலர் சுற்றிலும் பார்த்தார்.

"என் பேரைப் போட்டுக்குங்க" என்றார் தேவசகாயம். "நான் பொறுப்பேத்துக்கிடுதேன்."

கணினி மறுபேச்சுப் பேசாமல் ஏற்றுக்கொண்டது. தன் பெயரில் உரிமை கேட்காத ஆசிரியர்மேல் விதி பாயாது. வகுப்பு விகிதமோ எழுபத்தெட்டு. ஆக, வடிவு டீச்சர் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம்.

வாசல் வரை வழியனுப்பப் போனார் டீச்சர். கார்குழலி காரில் ஏறப் போனவர் நின்றார். கையில் இருந்த மல்லிகைச் சரத்தை அப்போதுதான் கவனித்து, தலையில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், ஒரு யோசனை ஒரே தலையிலிருந்துதான் வரும்னு நான் சொன்னேன் இல்லையா..." தொண்டையைச் செருமினார். "வேணும்னேதான் சொன்னேன். பிள்ளைங்க கவனிக்கறாங்களான்னு பார்த்தேன்."

அலுவலரின் காது மடல் நன்றாகச் சிவந்திருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். "தெரியும் மேடம்" என்றார்.

வகுப்புக்குத் திரும்பியபோது பிள்ளைகள் பூப்பெட்டியைச் சுற்றி நின்று இரைந்துகொண்டிருந்தார்கள். டீச்சரைக் கண்டதும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். உலகம்மாள் மட்டும் கரும்பலகைக்கு முன்னால் நின்றாள்.

"இன்னைக்கு நெறைய நேரம் போயிட்டு" என்றார் டீச்சர். "சரி, நாளைக்கு யாரு முறை?"

"நாளைக்கு வேற டீச்சர். இன்னைக்கு இன்னும் ஒரு முறை பாக்கி இருக்கு." உலகம்மாள் சாக்பீசை எடுத்துக்கொண்டாள். "உங்களைப் பேர்ப் பட்டியல்ல சேத்தாச்சு. ஒம்பதுதான எடுத்தீங்க? நீங்க உக்காருங்க."

டீச்சர் முதல் பெஞ்சில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார். காதுக்குப் பின்னால் ஒட்டிய கருவியை யாரும் எடுக்கவில்லை, அவரும் மறந்துவிட்டார். தலைமையாசிரியர் கதவோரம் வந்து நின்றார்.

"பெட்டியில பூ நல்லா நிக்குது" என்றாள் உலகம்மாள், டீச்சரைப் போலவே ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு. "அதனால குழாயை இன்னும் நெருக்கமா, எடைவெளியே இல்லாம அடுக்குனா, எண்ணிக்கை கூடும், கசியுற தண்ணியும் கூடும், பூ இன்னும் ஒரு நாள் தாங்கும். சரிதான டீச்சர்?"

சரி என்றுதான் முதலில் பட்டது. அப்புறம் எங்கோ இடித்தது. எங்கே என்று பிடிபடவில்லை. டீச்சர் பெட்டியைப் பார்த்தார், காற்று வாங்க விட்ட திறப்பைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார், விரலால் மேசையில் குழாய்களை வரைந்து பார்த்தார். இவ்வளவு நேரம் ஒரு விஷயம் தெரியாமல் உட்கார்ந்திருந்து எத்தனை வருடமாயிற்று என்று நினைத்துக்கொண்டார். அது நன்றாகத்தான் இருந்தது.

முப்பத்து நான்கு பேரும் வாயை இறுக மூடிக்கொண்டு அவரைப் பார்த்தார்கள். தேவசகாயம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பொன்மாரி உதட்டில் விரலை வைத்து அவரை அடக்கினாள்.

மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.